நெருப்பணைந்த நட்சத்திரமும் காற்றிறங்கிய கூடாரமும்

உங்களில் யாருக்காவது தேக்கரண்டி மேல் ஆசை இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். பாடசாலை பாடசாலையாகப் போய்ப் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்டுகிற இந்த வேலைக்குப் புதிதாக வருகிற எல்லோரும் முதல் மாதம் அதைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். எரிந்து முடிந்து சுருங்கிய வெண்குறுமீன் என்ற நட்சத்திரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, அந்த நட்சத்திரத்தில் ஒரு தேக்கரண்டி அள்ளினால் டன் கணக்கில் நிறுக்கும் என்று சொல்கிறீர்கள். பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள். நீங்களும் பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தியோடு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறீர்கள். வெளியே வந்த பிள்ளையைப் பிடித்து என்ன விளங்கியது என்று கேட்டுப் பாருங்கள். தேக்கரண்டி மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கிய அண்ணர் இதைத் தேக்கரண்டி வியாதி என்பார். பெரிதாகப் பேசுகிற மனிதர் இல்லை. ஒரு நாள் என் காட்சி முடிந்ததும், "எவ்வளவு பாரம் எண்டு சொல்லிப்போட்டாய். அந்தப் பாரத்தை ஆர் தாங்கினம் எண்டு ஒரு பிள்ளை கேட்டா என்ன சொல்லுவாய்?" என்று கேட்டார். பாடப்புத்தகத்தில் இருந்த பதிலை ஒப்புவித்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்பது கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலை மண்டபத்தில்தான் எனக்கு விளங்கியது. அதற்குள் அவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்.

அன்று நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நிம்மதியாக வாசியுங்கள். எனக்கு அன்று அந்த வசதி கிடைக்கவில்லை.

நம் கூடாரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே கம்பி இல்லை, தூண் இல்லை. பெரிய துணிக் குமிழி, அவ்வளவுதான். ஒரு ஃபேன் இடைவிடாமல் காற்றை ஊதிக்கொண்டிருப்பதால்தான் அது நிமிர்ந்து நிற்கிறது. அடி விளிம்பைச் சுற்றி மணல் மூட்டைகள். உள்ளே போக, தவழ்ந்து போகிற அளவில் ஒரு துணிச் சுரங்கம், அதை இழுத்து மூட ஒரு சிப். நடுவில் புரொஜெக்டர். அது மேலே வீசுகிற வெளிச்சம்தான் நம் ஆகாயம்.

மின்வெட்டுக் காலத்தில் நமக்கு ஒரு யூ.பி.எஸ். வாங்கித் தந்தார்கள். அது ஒரு சாமானைத்தான் தாங்கும். எதை மாட்டுவது என்று யாரும் கூடிப் பேசவில்லை, பேச வேண்டும் என்றும் தோன்றவில்லை. புரொஜெக்டர்தான் விலை கூடியது, புரொஜெக்டர்தான் கரண்ட் போனால் பழுதாகும், ஆகவே புரொஜெக்டரை மாட்டினோம். ஃபேன் சாதாரண ஃபேன். போனால் இன்னொன்று வாங்கலாம். இப்படி ஒரு முடிவை நட்சத்திரம் காட்டுகிறவர்களைத் தவிர வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். நட்சத்திரத்தைக் காப்பாற்றும் அவசரத்தில் ஆகாயத்தை மறந்துவிட்டோம். இப்போது நம் யூ.பி.எஸ். மேல் ‘ஃபேன் முதலில்’ என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறதே, அந்தக் கதைதான் இது.

அன்று காலை வெள்ளவத்தையில் என் வீட்டு ஒழுங்கைக்கு ரஞ்சித் எங்கள் வான் வண்டியைக் கொண்டுவந்தான். ரஞ்சித் நம் சாரதி, கூடாரம் ஊதுகிறவனும் அவன்தான். நுகேகொடைக்காரன். நான் அவனை மல்லி, அதாவது தம்பி என்பேன், அவன் என்னை அக்கா என்பான். அவனுடைய தமிழும் என்னுடைய சிங்களமும் ஒரே தரத்தில் இருந்தபடியால் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை. புறக்கோட்டைச் சந்தையில் கைவண்டிகளுக்கு நடுவே வான் மாட்டிக்கொண்டதால் போய்ச் சேரப் பிந்திவிட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்று களைத்துப்போயிருந்தார்கள்.

அந்தப் பகுதியில் கூட்டமும் மூடிய இடமும் சேர்ந்தால் தாய்மார் பிள்ளைகளை இலேசில் விட மாட்டார்கள். தேவாலயப் பூசை நேரத்தில் குண்டு வெடித்த பகுதி அது, அதற்கு மேல் நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான்கைந்து தாய்மார் மண்டபத்துக்கே வந்திருந்தார்கள். மற்றவர்கள் கூடாரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சரி என்று போய்விட்டார்கள். ரீட்டா என்று ஒருவர் மட்டும் போகவில்லை. கண்டிப்பான முகம். ஒரு கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். மகள் பெயர் ஷெரின். வகுப்பிலேயே உயரமானவள், அந்தக் கூச்சத்தில் கொஞ்சம் கூனிக்கொண்டு நின்றாள்.

"மிஸ், எனக்கு இருக்கிறது இந்த ஒரு புள்ளதான். இருட்டு, அதுவும் ஒரே ஒரு வாசல். நான் விட மாட்டேன்" என்றார் ரீட்டா.

மகளின் முகம் விழுந்துவிட்டது. நட்சத்திரம் பார்க்கப் போகிறோம் என்று ஒரு கிழமையாக வீட்டில் அதே கதைதானாம், வகுப்பாசிரியை என் காதில் சொன்னார். நான் ரீட்டாவைச் சுரங்க வாசலுக்குக் கூட்டிப்போய் உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் குனிந்தார், பாதியில் நிமிர்ந்துவிட்டார். இருட்டு தனக்கே ஒத்துவராது, பூட்டிய லிஃப்டில்கூட ஏற மாட்டேன் என்றார்.

"நான் உள்ளுக்குள்ள நிக்கிறன், ரீட்டா. ஏதும் நடந்தா உங்கட பிள்ளைதான் முதல் ஆளா வெளியில வருவா. அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

 அவர் மகளின் மணிக்கட்டை விட்டார். தான் வெளியே கூடாரத்துக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு இருக்கப்போவதாகச் சொன்னார். அப்படியே இருந்தார். காட்சி தொடங்கி வெகுநேரம் வரைக்கும் துணியில் வெளியிலிருந்து ஒரு உள்ளங்கையின் தடம் பதிந்திருந்ததை நான் உள்ளேயிருந்து பார்த்தேன்.

காட்சி நன்றாகத்தான் போனது. சூரியனுக்கு வயது போகிற கதையைச் சொன்னேன். இப்போது சூரியனுக்குள் ஒரு இழுபறி நடக்கிறது, அதன் ஈர்ப்பு எல்லாவற்றையும் உள்ளே இழுக்கிறது, நடுவில் எரிகிற வெப்பம் எல்லாவற்றையும் வெளியே தள்ளுகிறது, இரண்டும் சமமாக இருக்கிறபடியால் சூரியன் உருண்டையாக நிற்கிறது. எரிக்க ஒன்றும் இல்லாத காலம் வரும். அப்போது மேல்தோலை எல்லாம் ஊதித் தள்ளிவிட்டு நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். பாதிச் சூரியனுக்கு மேற்பட்ட திணிவு, பூமியளவு உருண்டைக்குள் அடைபட்டுக் கிடக்கும். அதுதான் வெண்குறுமீன். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் பிடிக்காது, வெள்ளைக் குள்ளன் என்றால்தான் சிரிப்பார்கள். அதன் மேற்பரப்பில் ஈர்ப்பு நம்முடையதைப் போல் லட்சம் மடங்குக்கும் மேல். ஒரு கிலோ அரிசிப் பையை அங்கே வைத்தால் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற அத்தனை பேரும் சேர்ந்தாலும் அசைக்க முடியாது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அங்கிருந்து கிளம்புகிற வெளிச்சம்கூட மேலே ஏறி வரக் கஷ்டப்பட்டு, கொஞ்சம் சிவந்துதான் வந்து சேரும் என்றேன். அதற்குச் சிரிக்கவில்லை, யோசித்தார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை.

நடுவில் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் இருந்த ஷெரின் கை உயர்த்தினாள்.

"மிஸ், நெருப்பு அணைஞ்சிட்டா தள்ளுறதுக்கு ஒண்ணுமில்லத்தானே. அப்ப எல்லாம் கீழ விழாதா? யாரு தாங்குறது?"

அண்ணர் கேட்ட அதே கேள்வி. என் வாய் தானாகவே அதே பதிலைச் சொல்லத் தொடங்கியது. அணுவின் சின்னத் துகள்களான இலத்திரன்கள் தாங்குகின்றன. எவ்வளவு நெருக்கினாலும் ஒரு இலத்திரன் இருக்கிற நிலையில் அதே மாதிரி இன்னொன்று இருக்க முடியாது, அதனால் ஒரு அமுக்கம் பிறக்கிறது, அந்த அமுக்கத்துக்கு வெப்பம் தேவையில்லை, ஆறிக் குளிர்ந்தாலும் அது குறையாது. சொன்னது ஒவ்வொன்றும் சரி. பிள்ளைகளின் முகங்களில் விளங்கிய அடையாளம் ஒன்றும் இல்லை. ஷெரின் மரியாதைக்குத் தலையாட்டினாள். பாரம் கூடினால் இந்த நட்சத்திரம் பருக்காது, இன்னும் சிறுக்கும் என்றும் சேர்த்துச் சொன்னேன். அது இன்னும் குழப்பிவிட்டது.

அந்த இடத்தில்தான் ஃபேன் நின்றது.

முதலில் எனக்குப் பட்டது அமைதி. ஃபேனின் இரைச்சலுக்கு நம் காது பழகிப்போயிருக்கும், அது நின்றால்தான் அது இருந்தது தெரியும். மின்வெட்டுப் பட்டியலில் அன்று அந்தப் பக்கத்துக்குக் கரண்ட் போகிற நேரம் அது இல்லை. ஆனாலும் போய்விட்டது. புரொஜெக்டர் மட்டும் யூ.பி.எஸ்.ஸின் தயவில் ஒன்றும் நடக்காததுபோல எரிந்துகொண்டிருந்தது. மேலே பார்த்தேன். ஆகாயம் இறங்கத் தொடங்கியிருந்தது.

இதை நீங்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும், ஆனால் பிள்ளைகள் இல்லாமல் பாருங்கள். துணி கிட்ட வரவர நட்சத்திரங்கள் ஒன்றையொன்று நெருங்கி, உருவம் கலங்கி, அதே நேரம் பளிச்சென்று பிரகாசமாகும். நான் அத்தனை வருடமும் வாயால் சொல்லிக்கொண்டிருந்த சுருக்கம் கண் முன்னே நடந்துகொண்டிருந்தது. அதை ரசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

வெளியேயிருந்து ரஞ்சித்தின் குரல் வந்தது. "அக்கா, கரண்ட் கியா, போச்சு. ஃபேன் வேலை இல்ல."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் ஒரு நாள் இது வரும். அந்தத் துணி யாரையும் ஒன்றும் செய்யாது. மூச்சு முட்டுகிற அளவுக்கு அது கனமும் இல்லை, இறுக்கமும் இல்லை. பயப்பட வேண்டியது ஓட்டத்துக்கு. இருட்டில் ஏதோ ஒன்று முகத்தில் வந்து படிந்தால் ஒரு பிள்ளை கத்தும், ஒன்று கத்தினால் எல்லாம் எழும்பும், எழும்பினால் அந்தச் சின்னச் சுரங்கத்துக்குப் பாயும். காற்று இறங்கினால் முதலில் படுப்பது அந்தச் சுரங்கம்தான். அதற்குள் முதலில் தலையை விட்ட பிள்ளைக்கு மேல் பின்னால் வருகிற அத்தனை பேரும் விழுவார்கள். நான் பயந்தது அதற்குத்தான்.

வகுப்பாசிரியை உள்ளே சுரங்க வாயில் இருந்தார். வயது குறைந்தவர், கெட்டிக்காரி. பிள்ளைகளை வெளியே விட வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் அவருடைய கை சிப்புக்குப் போனது. சிப்பைத் திறந்தால் மிச்சக் காற்றும் ஒரே மூச்சில் போய்விடும். மூடியிருந்தால் எனக்கு ஓரிரு நிமிடம் கிடைக்கும். கத்தினால் காரியம் கெட்டுவிடும். எனவே காட்சி சொல்கிற அதே குரலில், அதே வேகத்தில், "டீச்சர், சிப்பைத் தொடாதேங்கோ. இது காட்சியின்ர அடுத்த பகுதி" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அடுத்த பகுதி இல்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது. கையை எடுத்துக்கொண்டார். இன்றுவரைக்கும் அவருக்கு நான் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

அடுத்தது என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. வாயைத் திறந்தபோது எதிரே ஷெரின் இருந்தாள். அவளுடைய கேள்வியும் அங்கேதான் இருந்தது.

"ஷெரின் கேட்டவ, நெருப்பு அணைஞ்சா ஆர் தாங்கிறது எண்டு. இப்ப ஃபேன் அணைஞ்சிட்டுது. இனி நீங்கள்தான் இலத்திரன். எல்லாரும் இருந்த இடத்தில மெதுவா எழும்பி ரெண்டு கையையும் மேல நீட்டுங்கோ. ஒருத்தற்ற இடத்துக்கு மற்றவர் வரேலாது. ஆரும் இடம் விட்டு ஓடினா நட்சத்திரம் விழுந்திடும்."

எழும்பினார்கள். தங்கள் சொந்த இடத்தில் எழும்பினார்கள். கைகள் மேலே போயின, இறங்கி வந்த துணி அந்தக் கைகளில் வந்து தங்கியது. முதலில் உயரமான பிள்ளைகளின் கைகளில், பிறகு மற்றவர்களுடையதில். யாருடைய முகத்திலும் அது படவில்லை. சிலர் சிரிக்கக்கூடத் தொடங்கினார்கள். நடுவில், துணி அதிகம் தொய்கிற இடத்தில், கூனல் எல்லாம் போய் முழு உயரத்துக்கும் நிமிர்ந்து ஷெரின் நின்றாள். அவளுடைய உள்ளங்கையில் ஒரு பால்வீதித் துண்டு விழுந்துகொண்டிருந்தது.

ரஞ்சித்தைக் கூப்பிட்டு, மண்டபச் சுவர்ப் பக்கத்து மணல் மூட்டைகளை எடுத்துவிட்டு விளிம்பைத் தூக்கு என்று எனக்கு வந்த சிங்களத்தில் சொன்னேன். அவன் தனியாக இல்லை. இரண்டு பேர் மூட்டை இழுக்கிற சத்தம் கேட்டது. விளிம்பு கொஞ்சம் உயர்ந்தது, பகல் வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே வந்தது. அந்தக் கோட்டில் ரஞ்சித்தின் கை ஒன்றும், வளையல் போட்ட கை ஒன்றும் தெரிந்தன. வெளியே ரீட்டாவும் மூட்டை இழுத்துக்கொண்டிருந்தார்.

விளிம்பு வழியாகப் பிள்ளைகளை அனுப்பத் தொடங்கினேன். சுவர்ப் பக்கத்தில் நிற்பவர்கள் முதலில், அதற்கு அடுத்தவர்கள் பிறகு. ஒருவர் போனால் பக்கத்தில் நிற்பவர் கையை அகட்டிப் பிடிக்க வேண்டும். அழகாகச் செய்தார்கள். ஆனால் ஆட்கள் குறையக் குறைய துணி இன்னும் பதிந்துகொண்டு வந்தது. வெண்குறுமீனுக்கு ஒரு எல்லை உண்டு, அதற்கு மேல் திணிவு சேர்ந்தால் எந்த இலத்திரனாலும் தாங்க முடியாது என்று எத்தனையோ காட்சியில் சொல்லியிருக்கிறேன். அன்று என் எல்லை பதினொரு வயதுப் பிள்ளைகளின் தோள்கள். அவை களைக்கத் தொடங்கியதை நான் பார்த்தேன்.

அப்போதுதான் விளிம்புக்குக் கீழேயிருந்து அந்தக் குரல் வந்தது. கத்தவில்லை. அதுதான் என்னை இன்னும் உலுப்பியது.

"ஷெரின், வா. மிஸ், முதல் ஆளா வருவான்னு சொன்னீங்க."

சொன்னேன்தான். அதற்குள் முதல் வரிசை வெளியே போய்விட்டது, என் வாக்கு ஏற்கனவே உடைந்துவிட்டது. இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வி. ஷெரின் நடுவில் நின்றாள். அவள் வெளியே போவதென்றால் கை உயர்த்தி நிற்கிற பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரு பிள்ளை ஓடுவதைப் பார்த்தால் மற்றப் பிள்ளைகளும் ஓடும். அவள் கையை எடுத்தால் நடுத்துணி அவளைச் சுற்றி நிற்கிற சின்னவர்களின் முகத்தில் விழும். இதெல்லாம் எனக்கு நொடியில் விளங்கியது. ஒரு தாய்க்கு இதை எந்த முகத்தோடு சொல்வது என்பது மட்டும் விளங்கவில்லை.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். இதோ வருகிறாள் என்று சொல்லி இழுத்தடித்திருக்கலாம். பல இடங்களில் அப்படிச் செய்கிறோம்தானே. ஆனால் பொய்யை நம்பி நிற்கிற தாய், மகள் வராதபோது எப்படியும் உள்ளே பாய்வார். உண்மை தெரிந்த தாய் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நம்பினேன்.

"ரீட்டா, நான் சொன்னபடி செய்யேலாமப் போச்சு. ஷெரின் நடுவில நிண்டு பிடிக்கிறா. அவ விட்டா சின்னப் பிள்ளையள் பயந்து ஓடும். அவ கடைசியாத்தான் வரலாம்."

 பிள்ளைகளை அனுப்புவதை நான் நிறுத்தவில்லை, ஆனால் காது அந்த விளிம்பிலேயே கிடந்தது.  அந்தத் தாய் உள்ளே கையை விட்டு மகளின் பெயரைச் சொல்லிக் கத்தியிருந்தால் அந்த இடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். அப்படிக் கத்தியிருந்தாலும் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

வெளிச்சக் கோடு திடீரென்று மறைந்தது. யாரோ அந்த இடைவெளியில் படுத்து ஊர்ந்து உள்ளே வந்தார்கள். எழும்பியபோது பார்த்தால் ரீட்டா. முழங்காலில் தூசி, தலைமயிர் கலைந்து கிடந்தது, கண் இரண்டும் இறுக்க மூடியிருந்தன. லிஃப்டில் ஏறாத மனுஷி. கண்ணைத் திறக்காமலே கையை முன்னால் நீட்டி நீட்டி, யாரையும் தள்ளாமல், பிள்ளைகளின் குரலைக் கேட்டு நடுவுக்கு வந்து சேர்ந்தார். பிறகுதான் கண்ணைத் திறந்தார். இரண்டு கையையும் மேலே தூக்கினார். நடுத்துணி ஒரு முழம் உயர்ந்தது.

"நீ போ, நான் புடிக்கிறேன்" என்று மகளிடம் சொன்னார்.

ஷெரின் அசையவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இத்தனை வருட வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சம்பளம் அதுதான்.

"அம்மா, என் இடத்துல நீங்க நிக்க ஏலாது. ரெண்டு பேர் ஒரே இடத்துல நிக்க ஏலாதுன்னுதான் மிஸ் சொன்னாங்க. நீங்க அந்தப் பக்கம் புடிங்க. எனக்கு முறை வரட்டும்."

ரீட்டா ஒரு அடி தள்ளி நின்று பிடித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, இரண்டையும் விழுங்கிக்கொண்டு அடுத்த வரிசையைக் கூப்பிட்டேன். இப்போது நடுவில் பெரிய ஆள் ஒருவர் நிற்கிறபடியால் மற்றப் பிள்ளைகளின் தோளுக்கும் ஆறுதல் கிடைத்தது. அவசரமில்லாமல் போனார்கள். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வகுப்பாசிரியை பின்னால் நின்ற சின்னவர்களைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். கடைசி முறை ஷெரினுக்கு வந்தது. அவள் கையை மெதுவாக இறக்கி, தாயைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து வெளியே போனாள். போகும்போது தலை நிமிர்ந்துதான் இருந்தது, விளிம்பு வந்த பிறகுதான் குனிந்தாள்.

உள்ளே ரீட்டாவும் நானும் மட்டும் நின்றோம். யூ.பி.எஸ். இன்னும் சாகவில்லை. தலைக்கு மேல், கை எட்டுகிற தூரத்தில், கலங்கிப் பெருத்த நட்சத்திரங்கள். அவை ரீட்டாவின் நெற்றியிலும் கன்னத்திலும் விழுந்து கிடந்தன. வெளியே வகுப்பாசிரியை பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தமும், அவர்கள் பதில் சொல்கிற சத்தமும் கேட்டன. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டோம்.

"அக்கா, எல்லாம் இருக்கு. ஒக்கம இன்னவா" என்றான் ரஞ்சித். எல்லோரும் இருக்கிறார்கள் என்பதை இரண்டு மொழியிலும் சொன்னால்தான் அவனுக்கு மனம் ஆறும்.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. வேலை முடிகிற வரைக்கும் அது காத்திருந்தது என்று நினைக்கிறேன். பயம் வேலைக்குப் பிறகு வருமென்றால் வரட்டும், அதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டாம். உட்கார ஒரு இடம் மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரீட்டா அண்ணாந்து துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை இரண்டும் இன்னும் விறைப்பாக மேலே நின்றன, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக் கையை எடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"இனி விடலாமா மிஸ்?"

"விடுங்கோ."

விட்டோம். ஆகாயம் எங்கள் தலையில் வந்து படிந்தது. மெதுவாக, காய்ந்த சேலை ஒன்று கொடியிலிருந்து நழுவி விழுகிற மாதிரி. தோளில் ஒரு பாரமும் தெரியவில்லை. துணிக்குள் எனக்கு அவர் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது.

"இவ்வளவுதானா மிஸ் பாரம்?"

"இவ்வளவுதான், ரீட்டா."

அவர் சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. வெளியே ஒரு பிள்ளைக் குரல், "அம்மா, வாங்க, நான் தூக்கிப் புடிச்சிட்டு இருக்கேன்" என்று கூப்பிட்டது. பார்த்தால் விளிம்பு உயர்ந்திருந்தது, வெளிச்சம் உள்ளே வந்தது. ரீட்டா முதல் ஆளாக வெளியே போனார்.